மரம் மட்டும் ஒற்றி

களியக்காவிளைக்குக் கிழக்கே நாங்கள் வாங்க நினைத்த வீட்டில் இரண்டு அறைகள், ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, முற்றத்தில் பெரிய பிலாமரம். விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல் எங்கள் கையில் இருந்தது. மீதியை ஒற்றியாக வாங்கலாம் என்றார் என் மனைவியின் அண்ணன். ஆளையும் பார்த்து வைத்திருந்தார்.

ஒற்றியில் வட்டி கிடையாது. கடன் தீரும்வரை, கொடுத்தவர் சொத்தை அனுபவிப்பார். இந்த வீட்டைப் பொறுத்தவரை, முன்னறை அவருக்கு, பின்னறை எங்களுக்கு.

என் மனைவி பிறந்த வீடு அப்படித்தான் போனது. ஒற்றிக்காரரின் குடும்பம் உள்ளே இருக்க, இவர்கள் அடுக்களையை ஒட்டிய சாய்ப்பில் படுத்தார்கள். சொந்தக் கிணற்றில் தண்ணீர் கோர அவளுடைய அம்மா அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அண்ணனும் அதே சாய்ப்பில் வளர்ந்தவர்தான். அவருக்கு அது உறைக்கவில்லை.

"ஏட்டி, ரொக்கம் சேத்து வீடு வாங்கதுக்குள்ள நீ கல்லறைக்குப் போயிருவ," என்றார்.

"அங்கயாவது ஒற்றிக்காரன் வரமாட்டாம்லா," என்றாள் அவள்.

காத்திருந்தோம். நான் பத்திரிகைக்குச் செய்தி எழுதிய நேரம் போக, மாலையில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். அவள் கோழி வளர்த்தாள், வாடகை வீட்டுப் பின்புறம் மரச்சீனிக் கிழங்கு நட்டாள். இதற்கிடையே தேங்காய் விலை விழுந்தது. தேங்காய் வருமானத்தை நம்பியிருந்த, வீட்டை விற்பவரும் விலையில் இறங்கி வந்தார். முழுப் பணத்தையும் கொடுத்துப் பத்திரம் எழுதி, தை மாதம் குடிபோனோம்.

சித்திரையில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரி மரம் ஏறும் ஆளோடும் கயிற்றோடும் வந்து நின்றார். பிலாமரம் தன்னிடம் ஒற்றியில் இருப்பதாக நிதானமாகச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் மண் ஒருவரிடமும் மரம் ஒருவரிடமும் இருப்பது புதிதல்ல. பத்திரம் மண்ணையும் வீட்டையும் கிணற்றையும் சொல்லியது, மரத்தைச் சொல்லவில்லை. விற்றவரிடம் போய்க் கேட்டேன். மரத்தை விற்றதாகத் தான் எப்போது சொன்னேன் என்று திருப்பிக் கேட்டார். பக்கத்து வீட்டாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரியும் என்று நினைத்தார்களாம்.

வக்கீலைப் பார்க்கலாம் என்றேன். என் மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. வியாபாரி இரக்கப்பட்டு, சக்கையை, அதாவது பலாப்பழத்தை, நாங்களே எடுத்துக்கொள்ளலாம், விலையைப் பிறகு தந்தால் போதும் என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. உங்களுக்க சக்கைய நீங்க கொண்டு போங்க. மரத்த மீட்டினதுக்குப் பொறவு நாங்க திங்கோம்," என்றாள். பிறகு, "இலை யாருக்கு?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "இலையெல்லாம் ஒற்றியில இல்ல மக்களே. ஆடா வளக்கப் போறிய?"

ஆடுதான் வளர்த்தாள். பிலாவிலை தின்று ஆடுகள் பெருத்தன, குட்டிகள் போட்டன. அந்தக் கோடைகளில் வீடெங்கும் பழுத்த சக்கையின் வாசனை. உதிர்ந்து உடைந்த பழத்தைக்கூட அவள் ஓலைப்பெட்டியில் எடுத்து அவருக்காக ஒதுக்கி வைத்தாள். எங்கள் பிள்ளைகள் பழம் கேட்டால் ஆளுக்கொரு பிலாவிலையைக் கரண்டிபோலக் கோட்டிக் கொடுத்து, கஞ்சி குடிக்கச் சொல்வாள். அண்ணன் வந்தபோது, மரத்தடியில் இருந்துகொண்டு சந்தையில் சக்கை வாங்கும் வீடு இது ஒன்றுதான் என்றார். சந்தையிலும் வாங்கவில்லை என்று அவள் திருத்தினாள்.

குட்டிகளை விற்ற பணத்தில் மரம் மீண்டது. அடுத்த சித்திரையில் வியாபாரி அந்த வழியாகப் போனவர் உள்ளே வந்து, கயிறில்லாமல் நின்று, அண்ணாந்து பார்த்தார்.

"இந்த மரத்துச் சக்கைக்கு ஒரு தனி ருசி. ஒண்ணு தருவியளா மக்களே? அடுத்த தடவ வரும்ப துட்டு தாறேன்."

"தாறேன் அண்ணாச்சி. ரொக்கமாத் தந்தா."

மடியை அவிழ்த்துக் கொடுத்தார். நல்ல பழமாகப் பார்த்து அவளே தட்டித் தேர்ந்தெடுத்தாள்.