சிவப்பாக மாறிய தேதி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். செத்துப்போன தங்கையை வைத்துக் கதை கட்டுகிற அளவுக்கு நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான். நள்ளிரவு, கல்லறை, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம். இது ஃபிஜித் தலைநகர் சுவாவில் ஒரு அச்சகத்தில், பட்டப்பகலில், ஊரறிந்த மழைக்கு நடுவே நடந்தது.

என் பெயர் கெலேரா. அந்த அச்சகத்தில் பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. தங்கை வாசிதிக்கும் அதே வேலை, பக்கத்து நாற்காலி. இரண்டு பேரில் கெட்டிக்காரி அவள்தான். ஒரு தலைப்பு பெரிதாக வேண்டுமென்றால் அதை மட்டும் கையால் பெரிதாக்கிவிட்டுப் போகிற ஆள் நான். அவளுக்கு அது ஆகாது. தலைப்புக்கு ஒரு ஸ்டைல், பாட்டுக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று என்று பெயர் போட்டு வைத்திருப்பாள். ஸ்டைலை ஓரிடத்தில் திருத்தினால் போதும், புத்தகம் முழுக்கத் தானாக மாறும். நான் கையால் எதையாவது மாற்றினால் 'ச்' என்று உச்சுக் கொட்டுவாள். "நீ அக்கா இல்லக்கா, எனக்கு வந்த தண்டனை" என்பாள்.

அவளுடைய ஸ்டைல்களில் ஒன்றுக்கு 'அக்கா பார்' என்று பெயர். சிவப்பு எழுத்து. ஒரு வரியில் சந்தேகம் வந்தால் அதில் போட்டுவிடுவாள். நான் விசாரித்துச் சரிசெய்த பிறகுதான் அது கறுப்பாகும். சிவப்போடு ஒரு பக்கம்கூட எங்களிடமிருந்து அச்சுக்குப் போனதில்லை.

மார்ச் 12 அன்று, கண்டாவு தீவில் மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் படகில் கிளம்பினாள். என்னையும் கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்றேன். சாயங்காலம் படகு கவிழ்ந்தது. இரண்டாம் நாள் படகோட்டி மட்டும் ஒரு காலி கேனைக் கட்டிப்பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தார். "ஒரே அலைதாம்மா. அப்புறம் உன் தங்கச்சிய நான் பாக்கல" என்றார். மாமா அபெனிசா ஊர்ப் படகுகளைத் திரட்டிக்கொண்டு தேடினார். ஐந்தாம் நாள் காற்று திரும்பி, அவர் மகனின் படகும் கவிழப் பார்த்தது. அன்று போனில் கேட்டார்.

"நீதான் மூத்தவ. நீ சொல்லு. நாளைக்கும் போகட்டுமா?"

"போதும் மாமா" என்று சொன்னது நான்தான்.

உடல் இல்லாமலே எல்லாம் நடந்தது. எங்களில் ஒருவர் இறந்தால் நூறு இரவுக்கு வீட்டார் ஆளுக்கொன்றை விட்டுவிடுவோம். மாமா தினமும் குடிக்கிற கவா என்னும் வேர்ச்சாற்றை விட்டார். அம்மா தலைமுடி வெட்டவில்லை. வாசிதியின் ஸ்டைல் எதையும் நூறாம் இரவு வரை மாற்றவோ அழிக்கவோ மாட்டேன் என்று நான் சொன்னேன். எதற்கெடுத்தாலும் கேலி பேசும் முதலாளி ஜயந்திலால்கூட அதற்குச் சிரிக்கவில்லை.

நூறாம் இரவு ஜூன் 20. அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க எட்டுப் பக்கத்தில் ஒரு நினைவுப் புத்தகம். அதையும் நான்தான் செய்ய வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்? முதல் பக்கத்தில் அவள் படம், பிறந்த தேதி, அடியில் 'மறைவு: மார்ச் 12'. கடைசிப் பக்கத்தில் நானே எழுதிய ஒரு வரி: 'கடைசிவரை உன்னைத் தேடினோம்.'

ஜூன் 16, மதியம் 2:10. வேலையை முடித்துவிட்டு டீ போடப் போனேன். 2:18க்குத் திரும்பினால் மறைவுத் தேதி சிவப்பாக இருந்தது. 'அக்கா பார்' ஸ்டைல். கை தவறிப் பட்டிருக்கும் என்று கறுப்பாக்கினேன்.

2:31. மறுபடி சிவப்பு. அந்த ஒரு வரி மட்டும்.

"யாராவது என் மெஷினத் தொட்டீங்களா?"

"கரண்டு போய்ப் போய் வருது கெலேரா. அதுக்குக் கிறுக்குப் புடிக்காம என்ன செய்யும்?" என்றார் முதலாளி உள்ளேயிருந்து.

மாற்றினேன். கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தேன். தகரக் கூரையில் மழை சடசடவென்று கொட்டியது.

2:44. என் கண்ணெதிரே... சிவந்தது.

பக்கத்து நாற்காலியிலிருந்து சத்தம்.

'ச்...'

திரும்பினேன். யாரும் இல்லை. நாற்காலி நனைந்திருந்தது. மேலே பார்த்தேன், கூரை ஒழுகவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

பயப்படவில்லை என்றால் பொய். ஆனால் பயத்தை மீறிக்கொண்டு அழுகை வந்தது, அழுகையோடு கோபமும் வந்தது.

"இதுல என்னடி பாக்கச் சொல்ற? எழுதும்போதே என் நெஞ்சு வெடிச்சிருச்சு. விடுடி."

2:52. பட்டியலில் 'அக்கா பார்' இருந்தது. அழி என்றேன். எந்த ஸ்டைலை அழித்தாலும் கேட்பதைப் போலத்தான் கேட்டது... இதன் இடத்தில் எதை வைப்பது? தேதி ஸ்டைலை வைத்தேன்.

டக்.

கறுப்பாகிவிட்டது. 'ச்' சத்தம் அதன்பின் வரவில்லை. நான் கொடுத்த வாக்கை நான்கு நாள் முன்னதாகவே முறித்துவிட்டேன். சாயங்காலம் இருநூறு பிரதி அச்சாயின.

ஜூன் 28, காலை 7:20. மாமாவின் போன். கடல் அட்டை எடுக்கப் போன பையன்கள் ஆளில்லாத ஒரு சின்னத் தீவில் ஒதுங்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு பாறைக்கு அடியில் வாசிதியின் நீலப் பாவாடை. எலும்புகள். பக்கத்தில், பாறையில், சிப்பியால் கீறிய கோடுகள்.

"ஒரு நாளைக்கு ஒண்ணா கீறிருக்கா போல" என்றார்.

"எத்தனை மாமா?"

அவர் பையன்கள் ஒதுங்கிய கதையையே மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.

"எத்தனை கோடு மாமா?"

"பதினொண்ணு."

ஐந்தாம் நாள் மாமாவின் படகுகள் திரும்பிய இடத்திலிருந்து அந்தத் தீவு அரை மணி நேரத் தூரம். படகுகளின் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். ஆறாம் நாளும் காத்திருந்திருப்பாள்.

பதினொரு நாள் கூட்டினால் மார்ச் 23. அதிலிருந்து நூறாம் இரவு ஜூலை 1.

போன் வந்த அன்றே காலை 9:05க்கு ஃபைலைத் திறந்தேன். அழித்த ஸ்டைல் பட்டியலில் பழைய இடத்திலேயே இருந்தது. தேதி சிவப்பாக இருந்தது. 'மார்ச் 23' என்று அடித்தேன். அடித்து முடித்ததும், நான் எதையும் தொடாமலே, கறுப்பானது.

பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாறவில்லை. மன்னித்துவிட்டாள், போய்விட்டாள் என்று நினைத்து விம்மி விம்மி அழுதேன். ஃபைலை மூடும் முன் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.

'கடைசிவரை உன்னைத் தேடினோம்.'

சிவப்பு.

'ச்' சத்தம்கூட இல்லை. நாற்காலி மட்டும் நனைந்திருந்தது.

அந்த வரியை இன்றுவரை நான் கறுப்பாக்கவில்லை.