திறந்துவிட்ட குழாய்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவரை எல்லாரும் லிஃப்ட்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். நடுவழியில் மாட்டிக்கொண்டு பதறுகிறவர்களிடம், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் யார் யார் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையைப் பார்ப்பார். பேசவைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும் என்பது அவர் கணக்கு.

மனைவி இறந்தபிறகு அந்த வித்தை அவர் வீட்டில் மட்டும் பலிக்கவில்லை.

மகள் இரண்டாம் வகுப்பு. சாப்பிட்டாள், தூங்கினாள், வீட்டுப்பாடம் எழுதினாள். அம்மா என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. பிள்ளை மனம் நோகக் கூடாதென்று, துணைக்கு வந்து தங்கிய மைத்துனி அக்காவின் புகைப்படத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். இப்படியே போனால் பிள்ளை உள்ளுக்குள்ளேயே புழுங்கிவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்த வருடம் அவளைக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் சேர்த்தார். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. மனைவி படித்த பள்ளி என்பதும், மகளும் அங்கே படிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதும்தான் காரணம். நீச்சல்குளத்தோடு ஒரு பள்ளி பக்கத்துத் தெருவிலேயே இருக்கும்போது இது எதற்கு என்று மைத்துனி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஏற்கெனவே வாயத் திறக்கமாட்டேங்கிறா. அங்க போட்டா தும்மறதுக்கும் கையத் தூக்கிப் பர்மிஷன் கேப்பா, பாருங்க மாமா."

"உங்கக்காவும் அங்கதானே படிச்சா? அவ வாய யாராலயாவது மூட முடிஞ்சுதா?"



பள்ளியில் வரிசை, அமைதி, நகச் சோதனை எல்லாம் இருக்கத்தான் செய்தன. அவர் கண்ணில் பட்டது வேறு. காய்ச்சலில் படுத்த தோழிக்காக மகள் பாடத்தை இரண்டாம் முறை எழுதினாள். சாப்பாடு கொண்டுவராத ஒருத்திக்காக டப்பாவில் கூடுதலாக வைக்கச் சொன்னாள். எல்லாம் நல்லதுதான். அம்மா பேச்சு மட்டும் வரவில்லை.

ஒருநாள் துணிக்கடைக் கட்டடத்தில் லிஃப்ட்டின் கூரைமேல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து ஃபோன். கொஞ்சம் வந்துவிட்டுப் போக முடியுமா என்றார்கள், அவ்வளவுதான். விழுந்துவிட்டாளோ, யாராவது அதட்டினார்களோ என்று நினைத்தபடி, கையிலிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் ஓடினார்.

வகுப்பு ஆசிரியையான சிஸ்டர் வராண்டாவிலேயே நின்றிருந்தார். காலை ஜெபத்துக்கு முன் தினமும் ஒரு பிள்ளை எழுந்து, இன்று யாருக்காக வேண்டிக்கொள்ளலாம் என்று சொல்வது அங்கே வழக்கமாம். அண்ணனின் பல்வலி, காணாமல்போன பூனை, எதுவானாலும் யாரும் சிரிக்கக் கூடாது. சொல்ல விருப்பமில்லையென்றால் பேசாமல் உட்கார்ந்துவிடலாம். தன் முறை வந்தபோதெல்லாம் மகள் உட்கார்ந்துதான் இருக்கிறாள். சிஸ்டரும் வற்புறுத்தியதில்லை. இன்று அவள் உட்காரவில்லை.

"செத்துப்போன எங்க அம்மாவுக்காகன்னு சொன்னா, சார். அப்புறம் அப்பாவுக்காகவும்னா." சிஸ்டர் கொஞ்சம் தயங்கினார். "அப்பா பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டுட்டு அழறாரு, அது எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாதுன்னா. அப்புறம் நல்லா அழுதா. பிள்ளைங்க எல்லாம் சுத்தி உக்காந்துக்கிச்சுங்க. பயப்பட ஒண்ணுமில்ல. இன்னைக்கு நீங்க கூட இருந்தா நல்லாருக்கும்னுதான் கூப்பிட்டேன்."

மகள் மூக்கு சிவக்க, யாருடைய கைக்குட்டையையோ கசக்கிப் பிடித்தபடி வந்தாள்.

பேருந்தில் அவள்தான் ஆரம்பித்தாள். "அப்பா, அம்மா உங்கள நின்னுபோன லிஃப்ட்டுன்னு கூப்புடுவாங்கல்ல?"

"ஆமா. கோபம் வந்தா நான் பேசமாட்டேன்ல, அதனால."

"நான் பேசினா நீங்க அழுவீங்கன்னுதான் பேசல."

"அழுதா அழுதுட்டுப் போறேன். நீ பேசு குட்டி."

பேசினாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனது இருவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து புகைப்படத்தைச் சுவரில் மாட்டினார். என்ன மாமா இது என்று கேட்க வாயெடுத்த மைத்துனியின் கையைப் பிடித்து மகள் இழுத்தாள்.

"சித்தி, அம்மா எப்பவும் வளவளன்னு பேசறாங்கன்னு வகுப்புக்கு வெளிய நிக்க வெச்சாங்களாம். அங்க போற வர்றவங்ககிட்டயும் பேசினாங்களாம். வயசான சிஸ்டர் ஒருத்தங்க சொன்னாங்க."

மைத்துனி சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அவர் குளியலறைக்குப் போய், கிரீஸ் போகிற வரைக்கும் குழாயைத் திறந்து வைத்திருந்து, மூடினார். கூடத்தில் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.