ரேஸுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொன்னதும் சொல்லாததும்

1. கரி வராத சனிக்கிழமை

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அன்று விடிகாலையிலேயே எங்கள் பஸ் நிறைந்துவிட்டது. முப்பது பேர். அத்தனை பேரும் பெங்களூர் குதிரை ரேஸுக்குப் போகிறவர்கள். கம்பைநல்லூர் புளி வியாபாரிகள் நான்கு பேர் முன்சீட்டில் உட்கார்ந்து, எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று அப்போதே சண்டையை ஆரம்பித்திருந்தார்கள். டிரைவர் பாய் வண்டிக்குப் பின்னால் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டராகிய நான் ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். வண்டி கிளம்ப வழியில்லை. கரி வரவில்லை.

இப்போது பஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இது விளங்காது. அது யுத்த காலம். பெட்ரோல் ரேஷன். அதனால் பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயைப் பொருத்தியிருந்தார்கள். கேஸ் பிளாண்ட் என்று பெயர். அதில் அடுப்புக்கரியைப் போட்டுப் பற்றவைத்து, பிளோயரின் கைப்பிடியை அரை மணி நேரம் சுற்றிக் காற்று ஊதினால் வாயு வரும். அந்த வாயுவில் இஞ்சின் ஓடும். பெங்களூர் போய்வர ஆறு மூட்டை கரி வேண்டும். வத்தல்மலை அடிவாரத்திலிருந்து மாதப்பன் என்பவர் சனிக்கிழமை தவறாமல் மூன்று கழுதைகளில் கொண்டுவருவார். தட்டினால் கணீரென்று சத்தம் கேட்கும் கரி.

"ஏம்பா கண்டக்டரு, ரெண்டு மணிக்கு மொத ரேஸு. நாம போயி சேர்றதுக்குள்ள குதிரைங்க எல்லாம் வூட்டுக்குப் போயிடும் போல இருக்குதே!" என்றார் ஒரு புளி வியாபாரி.

"அவசரம்னா எறங்கித் தள்ளுங்க. ஓசூரு வரைக்கும் தள்ளுனாப் போதும்," என்றார் பாய்.

அப்போதுதான் கழுதைகள் வந்தன. ஓட்டி வந்தது மாதப்பன் அல்ல, அவர் சம்சாரம் மாதம்மாள். நேராக வண்டிக்கு முன்னால் வந்து, ஒரு மூட்டையை அவிழ்த்து முன்சக்கரத்தை ஒட்டிப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எறக்கும்மா, நேரமாவுது," என்றேன்.

"எறக்கறதுக்கு ஆளு எங்கீங்க? ஆளத்தான் நீங்க ஏத்திக்கிட்டுப் போயிட்டீங்களே. போன சனிக்கெழம முப்பது பேர ஏத்துனீங்க. ஞாயித்துக்கெழம எத்தன பேர எறக்குனீங்க?"

"இருபத்தொம்போது."

"அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்குது உங்களுக்கு."

"பஸ்ஸுக்கு அவரு வரலம்மா. ஒரு மணி நேரம் நின்னு பாத்தோம்."

"சீட்டாடத் தெரியாது, சாராயம் தெரியாது. அரூருக்குக்கூடப் போனதில்ல. அந்த மனுசனுக்கு ரேஸுன்னு ஒண்ணு இருக்குதுன்னு சொன்னது யாருங்கண்ணா?"

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். பாய் தன் பீடியைப் பார்த்தார்.

"எந்திரி தாயி, நாங்க எல்லாருமா சேந்து தேடிக் கூட்டியாறோம்," என்றார் புளி வியாபாரி.

"நீங்க குதிரையப் பாக்கப் போறவங்க. நான் கண்டக்டரண்ணனக் கேக்கறேன். நீங்க கூட்டிக்கிட்டு வரேன்னு சொல்லுங்க. அடுத்த வாரம் கரி வேணும்னா அவரு வந்து எறக்கட்டும்."

கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். அவள் எழுந்தாள். மூட்டைகளை நானும் பாயும் இறக்கினோம். முன்னால் வந்த வெள்ளைமூக்குக் கழுதையின் முதுகில் கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது. அவளுக்கு மூட்டை கட்டிப் பழக்கமில்லை.

2. படியில் நின்று பேசியது

மாதம்மாள் கேட்டது நியாயம். சொன்னவன் நான்தான்.

சனிக்கிழமைதோறும் வண்டி கிளம்பும் முன் நான் படியில் நின்று, புதிதாக ரேஸுக்குப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்வேன். யாரும் சொல்லச் சொன்னதில்லை. எனக்குப் பேச்சு பிடிக்கும், அவ்வளவுதான்.

காசை மூன்று இடத்தில் முடிந்துகொள்ளுங்கள். ரேஸ் வாசலில் ஒருவன் அன்பாக வந்து, "எந்த ஊருங்க?" என்று கேட்பான். ஊர்ப் பேரைச் சொல்லாதீர்கள். சொன்ன நிமிஷமே அவன் உங்கள் ஊர்க்காரனாகிவிடுவான். நிச்சயமாக ஜெயிக்கும் குதிரை ஒன்றை எனக்குத் தெரியும் என்பவனிடம், அப்புறம் ஏன் கிழிந்த சட்டை போட்டிருக்கிறாய் என்று கேளுங்கள். திரும்புகிற டிக்கெட்டை மட்டும் நான் கையில் கொடுக்கவே மாட்டேன். கொடுத்தால் கடைசி ரேஸுக்கு முன்னால் அதையும் வாசலில் விற்றுவிடுவார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முகத்தைப் பார்த்துக் கழற்றிக் கொடுப்பேன். 

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? திரும்பி வருகிறவர்கள் சொல்வதுதான். ஜெயித்தவர்கள் தூங்கிவிடுவார்கள். தோற்றவர்கள்தாம் நன்றாகப் பேசுவார்கள். ஒருவர் சொன்னார்: "என் குதிர நல்லாத்தாங்க ஓடுச்சு. மத்த குதிரைங்க கொஞ்சம் முந்தி ஓடிடுச்சு." இன்னொருவர் ஓசூர் வரைக்கும் வாயே திறக்காமல் வந்து, "எம் பொஞ்சாதிகிட்ட என்ன சொல்றதுன்னு நீங்களே ஒண்ணு யோசிச்சுச் சொல்லுங்க, உங்களுக்குத்தான் பேச வருது," என்றார். இப்படிப்பட்ட பேச்சையெல்லாம் நான் மறப்பதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ரேஸைப் பார்த்ததில்லை. மதியம் பெங்களூர் கலாசிப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றால், சாம்பலை வாரி, பில்ட்டரைக் கழுவி, மறுநாளுக்குக் கரியை எலுமிச்சங்காய் அளவுக்கு உடைத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். விடிந்தால் மறுபடி பிளோயர். முதலாளி கிளீனர் வைக்கவில்லை. இரண்டு வருஷத்தில் நான் பார்த்த பெங்களூர், அந்த பஸ் ஸ்டாண்டும் எதிரே ஒரு டீக்கடையும்தான்.

பார்க்காததால்தானோ என்னவோ, பேச்சு வளர்ந்தது. வர்ண வர்ணமாகப் பட்டுச் சட்டை போட்டுக் குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர்கள், குடை பிடித்த வெள்ளைக்காரச் சீமாட்டிகள், குதிரைகள் திரும்பி வரும்போது மண் அதிர்வது எல்லாம் சொல்வேன். போகாதே என்று சொல்ல ஆரம்பித்து, கடைசியில் கையை ஆட்டிக் குதிரையாகவே ஓடிக்கொண்டிருப்பேன்.

"யோவ், நீ தடுக்கறியா, கூப்புடறியா?" என்று பாய் கேட்டதுண்டு. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

மாதப்பன் கரியை இறக்கியபின் உடனே போகமாட்டார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒரு கழுதையின் கழுத்தில் கையை வைத்தபடி, நான் பேசி முடிக்கும்வரை நிற்பார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை வெளுத்த வேட்டியோடு வந்தார். கரியை இறக்கினார். தெரிந்தவர் ஒருவரிடம் கழுதைகளை ஒப்படைத்து, வீட்டில் விடச் சொல்லிவிட்டு என் முன்னால் நின்றார்.

"ஒரு டிக்கெட்டுங்க."

"ரேஸுக்கா? காசு வெக்கப் போறியா மாதப்பா?"

"இல்லீங்க. மண்ணு அதுருதுன்னு சொல்றீங்களே, அதப் பாக்கணுமுங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

3. லாயம்

மாதம்மாளுக்கு வாக்குக் கொடுத்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம், பெங்களூரில் பாய் என்னை எழுப்பினார்.

"போ. இன்னைக்கு நானே ஊதிக்கறேன். ஏழு மணிக்கு வண்டிய எடுத்துடுவேன், ஆமா."

கழுதைக்காரர் குதிரை இருக்கிற இடத்தில்தான் இருப்பார் என்று தோன்றியது. தெரிந்த கன்னடத்தில் வழி கேட்டுக் கேட்டு நடந்தேன். ரேஸ் மைதானத்தின் பின்புறம் வரிசையாக லாயங்கள். ஈரப் புல்லும் சாணமும் மணத்தன. நான்காவது லாயத்தில் ஓர் இளைஞன் பக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தான். தாண்டிப் போய்விட்டேன். "கண்டக்டருங்க," என்று குரல் கேட்டுத் திரும்பினால் மாதப்பன். ஒரு வாரத்தில் கரி போன முகம். அவருக்கு அவ்வளவு சின்ன வயசு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"என்ன மாதப்பா இது? காசு போச்சா? யாராச்சும் ஏமாத்திட்டானா?"

"இல்லீங்க. நீங்க சொன்னாப்பல காசு மூணு எடத்துல அப்படியே இருக்குது. எந்த ஊருன்னு ஒருத்தன் கேட்டான். சொல்லலீங்க. வேலிகிட்ட நின்னு பாத்தேன். ஓடி முடிஞ்சதும் இந்தக் குதிர நடந்து போச்சுங்க. பின்னாலயே நடந்தேன். இங்க வந்து நின்னுச்சு. நானும் நின்னேன். ஒருத்தரு பக்கெட்டக் கையில குடுத்து, தண்ணி கொண்டான்னாரு. கொண்டாந்தேனுங்க. அவ்ளோதானுங்க."

அது, அவர் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தது. செம்பழுப்பு நிறம். நெற்றியில் விரல் அகலத்துக்கு வெள்ளை. நாசித் துளை விரிந்து சுருங்கியது. கையை நீட்டினேன். சூடான மூச்சு உள்ளங்கையில் பட்டது. எத்தனை சனிக்கிழமை இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன்! ஒரு தடவைகூட அதன் கண்ணைப் பற்றிச் சொன்னதில்லை.

அப்போது வேறு லாயத்துக் குதிரைகள் நாலைந்தை மைதானத்தில் விட்டார்கள். அவை வேலியோரமாக எங்களைக் கடந்து போயின. மண் அதிர்ந்தது. நான் சொல்லிவந்தது காதால் கேட்கிற அதிர்வு. இது உள்ளங்காலில் ஏறி நெஞ்சில் வந்து நின்றது.

புதிதாகப் போகிறவர்களை எதெதிலிருந்தோ காப்பாற்றியிருந்தேன். குதிரையிடமிருந்து யாரையும் காப்பாற்ற எனக்குத் தோன்றவில்லை.

"மாதம்மா வந்துச்சு. சக்கரத்துக்கு முன்னால மூட்டையப் போட்டு உக்காந்துடுச்சு," என்றேன்.

மாதப்பன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு குதிரையின் இடது முன்னங்காலைத் தடவினார்.

"இதுல சூடு இருக்குதுங்க. தொட்டாத்தான் தெரியும். சொன்னா, கழுதைக்காரனுக்கு என்னடா தெரியும்ங்கறாங்க. பச்சத்தண்ணித் துணி சுத்திச் சுத்தி எடுக்கறேன். கொஞ்சம் கொறஞ்சிருக்குது. நான் வந்துட்டா எவன் பாப்பானுங்க?"

இன்னும் இரண்டு வாரம் இரு என்று சொல்ல நாக்கு வரை வந்தது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவளுக்குக் கொடுத்த வாக்கு அதை அடக்கியது.

"எந்தக் கழுத முன்னால வந்துச்சுங்க?"

"மூக்கு வெளுத்தது. முதுகுல தோலு உரிஞ்சிருக்குது."

"கயித்தக் குறுக்கால போட்டிருப்பா," என்றார். குதிரையின் காலிலிருந்து கையை எடுத்தார். "ஆறு மூட்டையும் அவளே தூக்கி ஏத்துனாளா?"

"ஆமா."

அவருடைய திரும்பும் டிக்கெட் ஒரு வாரமாகக் கம்பியில் தொங்கியது. அதைக் கழற்றிக்கொண்டு போயிருந்தேன். அவர் கையில் வைத்து, "ஏழு மணிக்கு வண்டி," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பாய் ஹாரன் அடித்து வண்டியை எடுத்துவிட்டார். தெருமுனை திரும்பும்போது மாதப்பன் ஓடிவந்து ஏறினார். சூளகிரி தாண்டி மேட்டில் வண்டி இழுக்காமல் நின்றது. வழக்கம்போல எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னேன். தோற்றுப்போய் வருகிறவர்கள் சும்மா கையை மட்டும் வைப்பார்கள். மாதப்பன் ஒருவர்தான் தலையைக் குனிந்து முழுப் பலத்தோடு தள்ளினார். அவர் முகம் யாருக்கும் தெரியவில்லை.

4. கால் எப்படி இருக்கிறது

அடுத்த சனிக்கிழமை கரி நேரத்துக்கு வந்தது. கழுதை முதுகில் மஞ்சள் பற்று. மாதப்பன் முகத்தில் பழையபடி கரி. மூட்டைகளை இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து, "காலு எப்படி இருக்குதுன்னு பாத்துக்கிட்டு வரீங்களா?" என்றார்.

பாய் பிளோயர் சுற்ற, நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் லாயத்துக்குப் போய்வந்தேன். முதல் வாரம் பார்த்தேன், வந்து சொன்னேன். இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் லாயம் காலியாக இருந்தது. பக்கத்து லாயத்துக்காரர் சொன்னார். முந்தின நாள் ஓட்டத்தில் இடது முன்னங்கால் முறிந்துவிட்டதாம். அந்த இடத்திலேயே துப்பாக்கியால் சுட்டுவிட்டார்களாம். கால் முறிந்த குதிரைக்கு அதுதான் வழக்கமாம்.

சனிக்கிழமை வந்தது. "காலு எப்படிங்க?"

"சரியாப் போச்சு மாதப்பா. சுத்தமா சரியாப் போச்சு."

பிறகு கரி பஸ் ஓடிய காலம் முழுவதும், சனிக்கிழமைதோறும் அவர் கேட்டார், நான் சொன்னேன். போன வாரம் ரெண்டாவதா வந்துச்சு. இப்ப வேற ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. புது ஆளு நல்லாப் பாத்துக்கறான். நெத்தி வெள்ள இன்னும் பளிச்சுன்னு இருக்குது. படியில் நின்று பேசுவதை நிறுத்திவிட்டேன். காசை முடியச் சொல்வேன், டிக்கெட்டைக் கம்பியில் குத்துவேன், விசில் கொடுப்பேன். என் பேச்செல்லாம் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரே ஓர் ஆளுக்கென்று ஆகிவிட்டது.

யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்தது. கேஸ் பிளாண்டைக் கழற்றிப் போட்டார்கள். மாதப்பனுக்கு ஸ்டாண்டில் வேலை இல்லாமல் போயிற்று. சனிக்கிழமை காலையில், கரி தேவைப்படாத வண்டியின் பக்கத்தில் நின்று, நான் பாட்டுக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சில மாதம் கழித்து மாதம்மாள் சீத்தாப்பழக் கூடைகளோடு வந்தாள். அதே வெள்ளைமூக்குக் கழுதை.

"அவரு கேட்டாருங்கண்ணா. காலு எப்படி இருக்குதுன்னு."

"நல்லா இருக்குதும்மா. சொல்லு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரித்தாள். "சூடு கண்ட காலு அவ்ளோ சீக்கிரம் சுத்தமா சரியாவாதுன்னு கழுத வெச்சிருக்கறவருக்குத் தெரியாதுங்களா? நீங்க மொத தடவ சரியாப் போச்சுன்னு சொன்ன அன்னைக்கே வூட்டுக்கு வந்து சோறு திங்காமப் படுத்துட்டாரு."

"அப்புறம் எதுக்கும்மா வாராவாரம் கேட்டாரு?"

"நானும் கேட்டேனுங்க. கண்டக்டரு சொல்றப்ப அது ஓடுது, அப்படின்னாரு."

புதிதாக வேலைக்கு வருகிற கண்டக்டர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. ஜனங்களை எச்சரியுங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் கண்ணால் பார்க்காத ஒன்றைப் பற்றிப் போகலாம் என்றும் சொல்லாதீர்கள், போகாதே என்றும் சொல்லாதீர்கள். கேட்கிறவர்களில் எவன் எதைப் பிடித்துக்கொள்வான் என்று படியில் நிற்கிற நமக்குத் தெரியாது.

மாதம்மாள் கூடையை இறக்கிவைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கண்ணா. இந்தத் தடவ கொஞ்சம் நெறையாச் சொல்லுங்க. கரி வேல இல்லாம அவரு இனிமே இந்தப் பக்கம் வர மாட்டாரு, நான்தான் போயிச் சொல்லணும்."

வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. நெற்றி வெள்ளையிலிருந்து ஆரம்பித்தேன்.