தங்கச்சியின் பத்து விரல்கள்

என் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நுனிவரை ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே எலும்பு தனித்தனிதான், தோல்தான் ஒன்று. எனக்கு இளையவளான தங்கச்சிக்கு விரல்கள் வெண்டைக்காய் மாதிரி நீள நீளமாக, அழகாகப் பிரிந்து இருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவற்றைப் பார்த்தாலே வயிறு எரியும்.

ஊட்டிக் குளிர் ஒரு வகையில் எனக்கு உதவி. இங்கே யாரும் எந்நேரமும் கையை ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடக்கலாம், ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கடையில் விற்கிற ஐந்து விரல் கிளவுஸ் எனக்கு நுழையாது. கட்டைவிரலுக்குத் தனியாக, மற்றதெல்லாம் ஒரே பையாக அம்மா பின்னிக் கொடுத்ததைத்தான் போட்டுக்கொண்டேன். தங்கச்சிக்குக் கடைக் கிளவுஸ். அதற்கும் ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன். டாக்டரிடம் காட்டலாமே என்று யாராவது சொன்னால், "கர்த்தர் குடுத்த கை, மூஞ்சியிலயா இருக்குது?" என்று அம்மா பேச்சை முடித்துவிடுவாள்.

பெர்ன்ஹில்லில் நாங்கள் போகும் சர்ச்சில் கீபோர்டு பழக அப்பா எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். வலது கையில் எனக்குப் பாட்டு வந்துவிடும். இடது கையில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கும் கார்ட்ஸ் பிடிக்க வராது. ஒரு கட்டையை அமுக்கினால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து கத்தும். கொஞ்ச நாளில் ஞாயிறு ஆராதனைக்கு அவள் வாசித்தாள், நான் பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன்.

ஏன் என் கை மட்டும் இப்படி என்பதற்கு விடை காலேஜில் விலங்கியல் வகுப்பில் கிடைத்தது. கருவில் கை முதலில் துடுப்பு மாதிரி தட்டையாகத்தான் முளைக்கிறது. பிறகு விரல்களுக்கு நடுவில் இருக்கும் செல்களுக்குச் செத்துப்போகச் சொல்லி உத்தரவு வருகிறது. அவை சத்தமில்லாமல் சுருங்கி, தம்மைத் தாமே துண்டு துண்டாக்கிக்கொள்ளும். அக்கம்பக்கத்துச் செல்கள் அந்தத் துண்டுகளை விழுங்கிவிடும். விரல் பிரிந்துவிடும். என் விரல் இடுக்கில் மட்டும் அந்தச் சாவு நடக்கவில்லை. தங்கச்சியின் செல்கள் சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்காகச் செத்திருக்கின்றன. செத்த செல்லைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் இந்த மலையில் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது குன்னூரில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதையே நடத்துகிறேன். பழைய செல்லும் பழுதான செல்லும் தினமும் தாமாகச் சாவதால்தான் நாம் நன்றாக இருக்கிறோம். சாக வேண்டியது சாகாமல் பெருகினால் புற்றுநோய் வரும். சாக வேண்டாதது அளவுக்கு மீறிச் செத்தால் மூளையும் நரம்பும் தேயும். இதையெல்லாம் சொல்லிவிட்டு என் கையைத் தூக்கிக் காட்டுவேன். வகுப்பே கண் கொட்டாமல் பார்க்கும். பாடம் நடத்த இந்தக் கை லாயக்குதான், கல்யாணத்துக்குத்தான் லாயக்கில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியை வழித்துத் தின்றுவிட்டுக் கேட்டார்கள்: "ஏனுங்க, இது பொறக்கற கொழந்தைக்கும் வருமுங்களா?"

வரலாம் என்று நானே உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அதோடு போனவர்கள்தான். அடுத்ததாகத் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனது. சர்ச்சில் மாப்பிள்ளை போட்ட மோதிரம் அவள் விரலில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவளுடைய பூச்செண்டைப் பிடித்தபடி நான் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். போட்டோவில் அது சிரிப்பு மாதிரிதான் தெரிகிறது.

பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போன வருஷம் அவளுக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்தேன். இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டியிருந்தன. இது குடும்பத்தில் ஒளிந்து வரும், ஒருத்தியைத் தாண்டி அவள் பிள்ளையிடம் தலை காட்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே போய்ச் சொல்ல! முதல் தடவையாக என் பக்கம் ஒரு ஆள்.

பாப்பாவுக்கு ஒரு வயது ஆகும்போது தங்கச்சி கேட்டாள். "கோயமுத்தூர்ல ஆபரேஷன் பண்ணிப் பிரிச்சுடலாங்கறாங்க. நீ சொல்லுக்கா. நீ பண்ணுன்னா பண்றேன், வேண்டான்னா வுட்டுடறேன்."

"பாக்கலாம் அம்மணி" என்று நழுவினேன்.

பண்ணு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பாப்பாவின் விரலும் பிரிந்துவிட்டால் நான் மறுபடி தனி ஆள். இவளாவது என்னை மாதிரி இருக்கட்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

டாக்டரை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று அவளே என்னை இழுத்துக்கொண்டு போனாள். மேட்டுப்பாளையம் இறங்கும்வரை காரில் நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'கொஞ்சம் பெருசாகட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்' என்று டாக்டரிடம் சொல்லிவிடுவதாக முடிவு.

பாப்பா என் மடியில் இருந்தாள். டாக்டர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார்.

"உங்களுதும் தோல் மட்டுந்தான் போல இருக்குதுங்க. இப்பக்கூடப் பிரிக்கலாம். பண்ணிக்கிறீங்களா?"

தங்கச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா! ரெண்டு பேருக்குமே பண்ணிடலாம்க்கா!"

என் விரலையும் பிரிக்கலாம் என்பது பாடம் எடுக்கிறவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். யாரும் வாய்விட்டுக் கேட்காதவரை தெரியாத மாதிரி இருந்துகொள்ளலாம். இப்போது கேட்டுவிட்டார். விரல் பிரிந்த பிறகும் கீபோர்டு வராமல், மாப்பிள்ளையும் வராமல், நான் இதே சிடுமூஞ்சியாகவே இருந்துவிட்டால் அப்புறம் எதைக் குறை சொல்வது? மடியில் இருந்தவளைப் பார்த்தேன். இப்படி ஒரு சாக்கை வைத்துக்கொண்டு இவளும் வளர வேண்டாம் என்று பட்டது.

"பாப்பாவுக்குப் பண்ணிடுங்க டாக்டர்" என்றேன். "எனக்கு வேண்டாங்க."

திரும்பி மலை ஏறும்போது தங்கச்சி என்னை விடவில்லை. "உனக்கு ஏன்க்கா வேண்டாங்கற?"

"பழகிப் போச்சு."

"எது, விரலா? எம்மேல இருக்கற பொறாமையா?"

கோபமே இல்லாமல், தூங்கும் பாப்பாவுக்குச் சால்வையை இழுத்துவிட்டபடி கேட்டாள். நான் இடது கையை ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"எப்ப இருந்துடி தெரியும்?"

"எப்பவுமே தெரியும்."

தெரிந்தேதான் இத்தனை வருஷமும் ஒருநாள்கூட முகம் சுளிக்காமல் அக்கா, அக்கா என்று என் பின்னால் சுற்றியிருக்கிறாள். எனக்கு அந்த மனசு வரவே வராது. அதற்கும் பொறாமையாகத்தான் இருந்தது.