பாசிக்குப் போட்ட விருந்து

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு உப்புத்தண்ணீர் மீன்தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவர் வருவார். ஒல்லியான ஆள். கண்ணாடியில் படிந்த பாசியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுவார். சுரண்டும்போது வாயே திறக்க மாட்டார்.

அவர் போன நாலாம் நாளே தொட்டி மறுபடி பச்சையாகிவிடும். போன மாசம் ஒரு மீனும் செத்து மிதந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வந்ததுமே, "என்னத்தைங்க கழுவறீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் பாட்டுக்குக் கார்டை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். அப்போது, பெருந்துறையிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா, தொட்டிக்குள் ஒரு கை தீனியை அள்ளிப் போட்டார். எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரும் போடுவார்கள். டப்பாவை நீட்டுவதே நான்தான்.

அவர் கார்டைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, விருந்தாளின்னா வயிறு நெறைஞ்சதும் எலைய மடிச்சுப்போட்டு எந்திரிச்சுருவாங்க. மீன் எங்கீங்க போகும்? தின்னது போக மிச்சம் அந்தத் தண்ணியிலயே அழுகி, அதைத் தின்னுதானுங்க பாசி வளருது. நீங்க வளக்கறதைத்தானுங்க நான் சுரண்டறேன்."

டப்பாவை எடுத்து அலமாரி உச்சியில் வைத்தார். "காலையில ஒரு சிட்டிகை. அவ்வளவுதானுங்க."

இப்போது கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. அவர் மேல் வந்த கோபம் மட்டும் போகவில்லை. அவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் அன்றைக்கே போயிருக்கும்.