கையில் இருந்த சடங்குப் படம்

"நான் ஆணும் இல்ல, பொண்ணும் இல்லம்மா" என்று கிராப்பு வெட்டி வந்து நின்றது என் இருபது வயதுப் பிள்ளை. ஆறு மாதம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் காலையில் பிள்ளையைக் காணோம். செல்போனும் வீட்டிலேயே கிடந்தது. நெல்லை டவுண் முழுக்க, வயதுக்கு வந்தபோது எடுத்த சடங்கு வீட்டுப் படத்தைக் காட்டி அலைந்தேன். அதில் பட்டுப்பாவாடை, நீளச் சடை.

டீக்கடை அண்ணாச்சி, "இப்ப எடுத்த படம் இல்லியாம்மா?" என்றார். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

"கிராப்பு வெட்டியிருக்கும் அண்ணாச்சி" என்று கதறினேன்.

"அந்தப் பிள்ளையா? இப்பதான் குறுக்குத்துறைப் பக்கமா போச்சுல்லா!"

ஓடினேன். ஆற்றில் மார்பளவுத் தண்ணீரில் நின்ற பிள்ளையைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

இப்போது மாதம் தவறாமல் பிள்ளையைப் படம் எடுக்கிறேன். இன்னும் ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை. ஆனால் யாரிடம் காட்டினாலும் அடையாளம் தெரியும்.