பட்டுக்கு விழுப்பு இல்லை

என் வீட்டுக்காரரின் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. எழுதக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். பாச்சா. பெற்றவர்கள் வைத்தது பார்த்தசாரதி. அந்தப் பெயருக்குக் கடிதாசி வந்தால் சின்ன காஞ்சிபுரத்துத் தபால்காரர் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். கல்யாணம், சீமந்தம் என்று ஊர் முழுக்கச் சமைக்கப் போகிறவர். ஆஜானுபாகு. கோபம் வந்தால் கையில் கரண்டி இருக்கிறது என்பதை மறந்து கையை வீசிப் பேசுவார். அவ்வளவு பெரிய மனிதர் ஒரே ஒரு விஷயத்துக்கு நடுங்குவார். அதுதான் மடி.

குளித்துவிட்டு, யார் கையும் படாமல் தனியே உலர்த்திய வேட்டியைக் கட்டிக்கொண்டால் அவர் மடி. அதற்கப்புறம் என் புடவைத் தலைப்பு காற்றில் பறந்து உரசினாலும் விழுப்பு, மடி போய்விட்டது. உடனே கிணற்றடிக்கு ஓடி மறுபடி குளிப்பார். ஒருதரம் தவளை மேலே குதித்துவிட்டது என்று குளித்தார். அது உங்களைவிட அதிகம் தண்ணீரில் இருந்தது என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை.

எங்கள் தெருக்கோடியில் சின்னதாக ஒரு சன்னிதி இருக்கிறது. மடைப்பள்ளி கிடையாது. நவராத்திரி வந்தால் பெருமாளுக்குத் தளிகை எங்கள் வீட்டுப் பின்கட்டு அடுக்களையில்தான், சமைப்பது இவர்தான். விடியற்காலையிலிருந்து சாயங்காலம் வரை மடியில் இருப்பார். நானும் எட்டி நின்றே பேச வேண்டும்.

தொண்ணூற்றொன்பதில் அந்தச் சமயம் பார்த்து இவருடைய தங்கை ஸௌம்யா பூனாவிலிருந்து லீவுக்கு வந்தாள், இரண்டு பிள்ளைகளோடு. பெரியவன் ப்ரஹ்லாத் மூன்று வயசு. சின்னவன் ப்ரணவுக்கு இரண்டு. அவனை நாங்கள் அதுவரை போட்டோவில்தான் பார்த்திருந்தோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிற ரகம் இல்லை நாங்கள். ஆனால் அவர்கள் வருகிற வாரம் இவர் கூடத்து ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் போட்டார், மறுநாளும் போட்டார். அதற்கடுத்த நாளும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கியபோது நான் பிடுங்கி வைத்தேன்.

வந்த மறுநாள் காலையில் இவர் குளித்து, மடி வேட்டி கட்டி, அடுக்களைக்குப் போய்க்கொண்டிருந்தார். தூக்கம் கலைந்து எழுந்த ப்ரணவ், என்ன நினைத்தானோ, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இவரிடம் ஓடினான். இவர் தேளைக் கண்டவர் மாதிரி பின்னால் துள்ளி, "தொடாதே" என்று ஒரு கத்துக் கத்தினார். கல்யாணக்கூடத்துக்கான குரல் அது. குழந்தை உதடு பிதுங்கி, வீறிட்டு, அம்மா மடியில் போய் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

சாயங்காலம் சன்னிதியிலிருந்து திரும்பியதும் இவர் அங்கவஸ்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, "வாடா கண்ணா, இப்ப மாமா மடி இல்லே" என்று தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். ப்ரணவ் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "மாமா தொடாதே" என்றான். சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி சமர்த்தாகச் சொன்னான். இவர் முகம் விழுந்துவிட்டது.

"ஒரே ஒரு தரம் என்கிட்ட வந்துட்டாப் போறும், பூமா" என்றார் என்னிடம். "விஜயதசமிக்குக் கிளம்பிடுவா. அடுத்த தரம் வரச்சே, கத்தின மாமான்னுதான் ஞாபகம் இருக்கும்." எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், கத்தும்போது இந்த யோசனை எங்கே போயிற்று என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஐப்பசி பிறப்பதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பிள்ளைகளும் வெளியே போக முடியாமல் கூடத்தில் என் கொலுப்படியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பொம்மைகளைக் காப்பாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்போதுதான் இவர் அடுக்களை வாசற்படிக்கு உள்ளே நின்றபடி, யாரையும் தொடாமல் பிள்ளைகளை மேய்க்க ஆரம்பித்தார்.

எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் விளையாடுவதுதான், பெருமாள் புறப்பாடு. முறத்தில் கயிறு கட்டச் சொன்னார். என் கொலுவிலிருந்து செட்டியார் பொம்மையை எடுத்து அதில் உட்கார வைக்கச் சொன்னார். மளிகைக் கடை வைத்திருந்த செட்டியார் அந்த க்ஷணமே பெருமாள் ஆகிவிட்டார். ப்ரஹ்லாத் தேரை இழுத்தான். ப்ரணவ் தன்னைவிடப் பெரிய வாழையிலையைக் குடையாகப் பிடித்தான். இவர் உள்ளே நின்று வாயாலேயே நாதஸ்வரம் வாசித்து, கரண்டியால் அண்டாவில் தவில் அடித்தார். "மெதுவாடா, பெருமாளுக்குத் தலை சுத்தறது," "ஏய் குடை, குடை சாயறது பாரு" என்று அங்கிருந்தே அதிகாரம். ஸௌம்யா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சன்னிதி பட்டர், சுண்டல் ஏன் இவ்வளவு நேரம் என்று ஆள் அனுப்பினார்.

ஆனால் தேர் அடுக்களை வாசலுக்கு வரும்போதெல்லாம் குடை மட்டும் கூடத்துத் தூணோடு நின்றுவிடும். ப்ரணவ் அங்கிருந்து ஓர் அடி நகரமாட்டான். தவிலுக்குத் தலையை ஆட்டுவான், சிரிப்பான், இவர் பார்த்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

அதற்குள் பெரியவன் மடியின் சௌகரியத்தைக் கண்டுபிடித்துவிட்டான். குளிப்பாட்டக் கூப்பிட்டால், "நான் மடி, தொடாதே." சாதம் ஊட்டப் போனால், "நான் மடி." தம்பியும் அதையே பிடித்துக்கொண்டான். இரண்டும் எண்ணெய்த் தலையோடு கூடத்தில் ஓட, ஸௌம்யா கையில் சாதத்தோடு துரத்தினாள். "அண்ணா, நீயும் உன் மடியும். இதுகளைப் பட்டினி போட்டு ஊருக்கு அனுப்பப் போறே" என்று அவள் கத்தியபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. யோசனை என்னுடையது, அதைச் சொல்லிக்கொள்ளாமல் விடமாட்டேன்.

"ஏன்னா, பட்டுக்கு ஏது விழுப்பு?" என்றேன்.

இவர் கரண்டியோடு அப்படியே நின்றார். பட்டு எப்போதும் மடிதான். அது ஊருக்கே தெரியும். பட்டு நெய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. குழந்தை இருந்த வீடாக இருந்தால் முதல் நாளே தோன்றியிருக்கும்.

என்னுடைய பழைய அரக்குப் பட்டைக் கிழித்து இரண்டு குட்டி வேட்டி செய்தேன். மடிப்பில் ஏற்கனவே விட்டுப்போன புடவைதான். மனசு கொஞ்சமும் வலிக்கவில்லை. "இதைக் கட்டிண்டா மாமாவைத் தொடலாம்" என்றேன். ப்ரஹ்லாத் கட்டி முடிப்பதற்குள் ஓடிப்போய் இவர் தோளில் ஏறிவிட்டான். அன்று முழுக்க இவர் தேங்காய் துருவியது அவனைத் தூக்கிக்கொண்டுதான். ப்ரணவ் கட்டிக்கொண்டான், பார்த்தான், அம்மாவிடம் ஓடிவிட்டான். வேட்டியை மட்டும் விடவில்லை. தூங்கும்போதும் கையில் சுருட்டி வைத்திருந்தான். இவர் தவிலை மட்டும் கொஞ்சம் பலமாகவே அடித்தார்.

விஜயதசமி வந்துவிட்டது. வாசலில் ஆட்டோ நின்றது. ஸௌம்யா பிள்ளைகளுக்குச் சட்டை, ஸ்வெட்டர், ஷூ எல்லாம் மாட்டி, தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரில் அவர்கள் குதித்ததற்குத் திட்டிக்கொண்டிருந்தாள். இவர் கடைசி நாள் தளிகையான அக்காரவடிசலைத் தவலையோடு தூக்கிக்கொண்டு, சன்னிதிக்குப் புறப்படப் பின்கட்டில் நின்றார். எட்டி நின்றே, "போயிட்டு வாங்கோ" என்றார்.

"ப்ரணவ் எங்கே?" என்றாள் ஸௌம்யா. எல்லாரும் தேடினோம். அவன் அறைக்குள்ளிருந்து வந்தான். கட்டி வைத்த பையைக் கலைத்து அந்த அரக்குப் பட்டை இழுத்தெடுத்து, ஸ்வெட்டருக்கு மேலே தாறுமாறாகச் சுற்றி, பாதியைத் தரையில் இழுத்துக்கொண்டு, சேற்று ஷூ சளக் சளக்கென்று கூடம் முழுக்கத் தடம் வைக்க, தூணைத் தாண்டி நேரே இவரிடம் நடந்தான். "பட்டு" என்று துணியைக் காட்டினான். இரண்டு கையையும் நீட்டினான்.

இவர் ஷூவைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். தவலையை மணைப் பலகை மேல் பத்திரமாக இறக்கி வைத்தார். பிறகு குனிந்து அவனை அள்ளி எடுத்து, கழுத்தில் முகம் வைத்து, மூச்சு முட்ட அணைத்துக்கொண்டார். குழந்தை இவர் வயிற்றில் ஷூவால் உதைத்துச் சிரித்தான். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். யாரும் அசையவில்லை.

அவர்கள் போன பிறகு நான் தண்ணீர் சேந்தி வைத்து, "குளிச்சுட்டுப் போங்கோ, பட்டர் காத்துண்டிருப்பார்" என்றேன். இவர் கிணற்றடியில், வேட்டியில் குழந்தை வைத்த சேற்றுத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இரு, பூமா. செத்த நாழி ஆகட்டும்" என்றார்.